உங்களுக்குத் தெரியுமா? நெறி கட்டும் இடம்தான் குறி!

● நானோ துகள் எவ்வளவு சிறியது? குடவாசல் வயலில் விளைந்த 6 மி.மீ. நீள அரிசி ஒன்றின் மேல், 100 நானோமீட்டர் துகள்களை வரிசையாக வைத்தால் 60,000 அடங்கும்.

● கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறதல்லவா? அந்த நிணநீர்க் கணுக்களில்தான் எதிர்ப்பு அணுக்கள் பகையை அடையாளம் காணப் பழகுகின்றன. புற்றுநோய்த் தடுப்பூசியில் செலுத்தும் நானோ துகள்கள் புற்றுநோய்ச் செல்லின் அடையாளத்தை அங்கே கொண்டு சேர்க்கின்றன.

● மெலனோமா என்ற தோல் புற்றுநோயை அறுவை செய்து நீக்கிய 157 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கொழுப்பு நானோ துகளில் பொதிந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைப் பெம்ப்ரோலிசுமாப் மருந்தோடு சேர்த்துப் பெற்றவர்களுக்கு, அம்மருந்தை மட்டும் பெற்றவர்களைவிட, நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 44% குறைந்தது. மூன்றாம் கட்ட ஆய்வு 2023-ல் தொடங்கியது.

● தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்துக்கென்றே ஆய்வு மையம் உண்டு.

● கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியும் நானோ துகளே! சுமார் 55 நானோமீட்டர் அளவுள்ள, வைரஸ் வடிவ வெற்றுக் கூடுகள் அதில் உள்ளன. இந்தியத் தயாரிப்பான ‘செர்வாவேக்’ 2022-ல் அனுமதி பெற்றது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுங்கள்.