பழைய ஹிமாலயன் வாங்கலாமா?

விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வசூலுக்கும் ஆர்டருக்கும் போகிறவர்கள் பழைய ராயல் என்பீல்டு ஹிமாலயனை விசாரிக்கிறார்கள். அது எதற்கு ஏற்றது என்று பார்ப்போம்.

2016ல் வந்த இவ்வண்டி சென்னைப் பக்கத்துத் தயாரிப்பு. ஒற்றை சிலிண்டர், 411 சி.சி., 15 லிட்டர் டேங்க். முன் சக்கரம் 21 அங்குலம். மேடு பள்ளத்தில் எளிதாக ஏறி இறங்கும். மலையின் பெயர் வைத்தாலும் பெரும்பாலும் ஓடுவது தார்ச் சாலையில்தான். ஆனால் எடை ஏறத்தாழ 190 கிலோ. மூட்டை கட்டிக்கொண்டு கடைகடையாக நின்று இறங்க மொபெட்டே மேல்.

முதலில் வந்தவை கார்புரேட்டர் வண்டிகள். 2017 முதல் இன்ஜெக்ஷன். 2023ல் 452 சி.சி. வண்டி வந்ததும் பழையது நின்றுவிட்டது. ஆகவே கிடைப்பதெல்லாம் கைமாறிய வண்டிதான்.

வாங்குமுன் ஆர்.சி.யில் கடன் பதிவு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் 35ஆம் படிவமும் தேவை. பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். இன்சூரன்சையும் மாற்றுங்கள்.

விற்பவரும் கவனிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் உள்ளவரே பொறுப்பு என 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பில் இல்லாமல் சரக்கு அனுப்பாத நாம், பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுக்கலாமா?