சோப்பு எட்டும் உயரத்தில்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை நம்பி நடக்கும்படி குழந்தையிடம் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பெரியவர்களாகிய நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை. மண்ணில் விளையாடிவிட்டு வந்த பிள்ளை, ஒட்டியிருந்ததைக் கால்சட்டையில் தட்டிவிட்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டி, "சுத்தமாத்தானே இருக்கு" என்று சொல்லும்போது அது பொய் சொல்லவில்லை. தனக்குப் பிரத்தியட்சமாகத் தெரிவதைத்தான் சொல்கிறது.

வைத்திய சாஸ்திரம் கற்றவர்களுக்கே இது எளிதில் விளங்கிவிடவில்லை. 1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதியில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் டாக்டர், பிரேதங்களை அறுத்துச் சோதித்த கைகளோடு மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்க்க வருவதே தாய்மார்கள் பிரசவ ஜன்னி கண்டு மாள்வதற்குக் காரணம் என்று ஊகித்து, குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்பே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் ஏறக்குறைய 2 ஆக இறங்கிற்று. அப்படியிருந்தும் சகாக்கள் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. தம் கொள்கை நிலைபெறுவதைக் காணாமலே 1865-இல் அவர் காலமானார். கற்றறிந்தவர்களின் நிலையே இதுவென்றால், ஐந்து வயதுக் குழந்தையை "எத்தனை தடவை சொல்வது?" என்று அதட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஆதலால் முதலில் வேண்டுவது உபதேசம் அன்று, வசதி. சோப்பு பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் மாடத்திலும், குழாய் குழந்தையின் தலைக்கு மேலும் இருக்கிற வீட்டில், கை கழுவுவதென்பது ஒவ்வொரு முறையும் பிறரைக் கெஞ்சிப் பெறவேண்டிய தயவாகிவிடுகிறது. ஒரு முக்காலியும், சிறு குவளையும், எட்டும் உயரத்தில் சோப்பும் இருந்து, சாப்பாட்டுக்கு உட்காருமுன் அப்பாவும் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தால், சில மாதங்களில் சொல்லாமலே பழக்கம் படிந்துவிடும். "பூச்சி கடிக்கும்", "சாமி கண்ணைக் குத்தும்" என்ற பயமுறுத்தல்கள் நாலு நாளைக்கு மேல் தாங்குவதில்லை.

காரணத்தைக் காட்ட விரும்புகிறவர்கள், குழந்தையின் கைகளில் ஒரு துளி தேங்காய் எண்ணெயும் சிட்டிகை மஞ்சள்தூளும் தடவி, வெறும் நீரை ஊற்றிப் பார்க்கட்டும், மஞ்சள் அசையாது. சோப்பைப் போட்டவுடன் அது சிவந்து நிறம் மாறுவதைக் கண்டு குழந்தை வியக்கும். சோப்பின் அணுத்திரள் ஒவ்வொன்றிலும் ஒரு முனை நீரை நாடுகிறது, மறு முனை எண்ணெய்ப்பசையை நாடுகிறது; அந்தப் பசையோடு சேர்ந்தே அழுக்கும் கிருமியும் கழன்று போகின்றன. இருபது விநாடி தேய்த்துக் கழுவிய பிறகும் கட்டைவிரலைச் சுற்றியும் விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் மிஞ்சிநிற்கும் நிறமே, அவசரமாகக் கழுவும் கை எவ்விடங்களை விட்டுவிடுகிறது என்பதைச் சொல்லிவிடும்.

நகக்கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். "மிட்டாய் தின்றால் வயிற்றில் பூச்சி வைக்கும்" என்று நம் வீடுகளில் சொல்லுகிறார்கள். மிட்டாய்க்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. கீரிப்பூச்சி என்று நாம் சொல்லும் மெல்லிய வெண்புழுக்களில் பெண்புழு இரவில் ஆசனவாயின் வெளிப்புறத்தே வந்து முட்டையிடுகிறது. அரிப்புத் தாளாமல் தூக்கத்திலேயே சொறியும் குழந்தையின் நகத்தடியில் அம்முட்டைகள் தங்கி, காலையில் விரல் வாய்க்குப் போகும்போது மீண்டும் குடலைச் சேர்கின்றன. பாயிலும் போர்வையிலும் உதிர்ந்தவை இரண்டு மூன்று வாரம்வரை உயிர்ப்போடு இருக்கக்கூடும். குழந்தைக்கு மட்டும் மாத்திரை கொடுத்துவிட்டு, கூடப் படுத்துறங்கும் தம்பி தங்கைகளை விட்டுவிட்டால் தொல்லை திரும்பிவருவது இதனால்தான். டாக்டரைக் கேட்டுக் குடும்பம் முழுவதும் ஒரே சமயத்தில் மருந்து உட்கொள்வதும், நகத்தை ஒட்ட வெட்டுவதும், படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைப்பதும் ஒன்றுசேர நடக்கவேண்டும். நன்றாகப் பராமரிக்கும் வீடுகளிலும் வருகிற இந்த உபாதைக்காகக் குழந்தையைப் பிறர் முன்னிலையில் ஏளனம் செய்வது பெரும் பாபம். வெட்கப்பட்ட குழந்தை அடுத்த முறை அரிப்பை ஒளித்துவைக்கும்.

பல்லைப் பற்றி ஒன்று மட்டும்: ஆறு வயதையொட்டி, எந்தப் பாற்பல்லும் விழாமலே, கடைவாயின் பின்புறத்தில் முளைக்கும் பல் ஆயுள் முழுவதற்கும் உரியது. அதைப் பாற்பல் என்று எண்ணி அசட்டையாக இருந்து இழந்தவர் அநேகர். அவ்வயதில் குழந்தை துலக்கிய பின், இரவில் பெரியவர் ஒருமுறை அந்த மூலைவரை துலக்கிவிடுவது அவசியம்.

வீட்டில் படிந்த வழக்கத்தைப் பள்ளிக்கூடமும் காக்கவேண்டும். காமராஜர் காலத்தில், 1956-இல், தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982-இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டமும் லட்சோபலட்சம் பிள்ளைகளை நாள்தோறும் ஒரே வேளையில் தட்டோடு உட்காரவைத்திருக்கின்றன. கை கழுவும் அப்பியாசத்துக்கு இதைவிட நல்ல வேளை வேறு வாய்க்காது. கட்டிச் சோப்பை ஒரு பழைய வலைப்பையில் இட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டால் அது தொலைவதும் இல்லை, மண்ணில் விழுவதும் இல்லை. ஆசிரியரும் பிள்ளைகளோடு அந்த வரிசையில் நின்று தம் முறை வரும்போது கழுவட்டும்.