பத்து மணியில் ஒரு ஹனா

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் மணிகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்படிகம், ருத்திராட்சம், பவழ நிறப் பாசி எல்லாம் சரம் சரமாகத் தொங்கும். பஞ்சாக்னி நடுவே ஒற்றைக் காலில் தவமிருக்கும் அம்மன் கையிலும் செபமாலை உண்டு. அந்தக் கடைப் பாசியிலேயே ஒரு ஜப்பானியக் குழந்தையின் பெயரைக் கோத்துவிடலாம்.

யாருக்கு என்று கேட்கலாம். இங்கிருந்து தினமும் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரகடத்தில் 2010-ல் நிசான் – ரெனோ ஆலை திறந்தது. பக்கத்தில் வல்லம் வடகாலில் யமஹா. அங்கே வரும் ஜப்பானிய அதிகாரிகள் சில வருடங்களில் ஊர் திரும்பிவிடுவார்கள். வழியனுப்பும்போது குத்துவிளக்கோ தஞ்சாவூர்த் தட்டோ கொடுப்போம். கூடவே தந்திக்கான மோர்ஸ் குறியீட்டில் பெயர் பொதிந்த ஒரு கைச்சரம் கொடுத்தால் என்ன? ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஜப்பானிய அலுவலகங்களில் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்துத்தான் அழைப்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும் உரியது. ஆகவே அதிகாரிக்குச் செய்வதைவிட அவர் மகளுக்குச் செய்வதுதான் பாந்தமாக இருக்கும்.

மகள் பெயர் ஹனா என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானில் பரவலான பெயர். மோர்ஸில் எழுத்தைப் புள்ளியாலும் கோட்டாலும் சொல்வார்கள். காதில் புள்ளி ‘டி’ அல்லது ‘டிட்’, கோடு ‘டா’. ஆங்கில எழுத்துப்படி ஹனா இப்படி ஒலிக்கும்: டி-டி-டி-டிட், டி-டா, டா-டிட், டி-டா. புள்ளிக்கு உருண்டை மணி, கோட்டுக்கு நீள மணி. ஏழு உருண்டை, மூன்று நீளம், ஆக பத்து மணி. மெழுகு நூலில் கோத்தால் அரை மணி நேர வேலைகூட இல்லை.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இடைவெளியில். ஒரு புள்ளியின் நேரம் ஒரு மாத்திரை என்றால் கோடு மூன்று மாத்திரை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று மாத்திரை மௌனம். அந்த மௌனத்தையும் மணியாகக் கோக்க வேண்டும். எழுத்து முடியும் இடத்தில் வேறு நிறத்தில் ஒரு சின்னப் பாசி போதும். அதை விட்டுவிட்டுப் பத்து மணியையும் ஒட்டிக் கோத்தால், அதே சரத்தை ‘5, ஜி, ஏ’ என்றும் படிக்கலாம். ‘ஹெச், டபிள்யூ, ஈ, ஏ’ என்றும் படிக்கலாம். குழந்தையின் பெயர் அதில் இருந்தும் இல்லாமல் போகும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று இந்தப் பிழையை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பெயர் போட்ட பொருள் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பெயர் அதில் இருக்க வேண்டாமா?

ஜப்பானியப் பெயரில் இன்னொரு கேள்வியும் உண்டு. எந்த மோர்ஸ்? ஜப்பான் தன் அசை எழுத்துகளுக்கென்றே ‘வாபுன்’ என்று தனி மோர்ஸ் வைத்திருக்கிறது. அதில் ஹ, ன என்று இரண்டே எழுத்து: டா-டி-டி-டிட், டி-டா-டிட். ஏழே மணி. ஆனால் ஆங்கில மோர்ஸ் மட்டும் அறிந்தவர் அதை ‘பி, ஆர்’ என்றுதான் படிப்பார். எனக்கு வாபுன்தான் பிடிக்கிறது. தாத்தா பாட்டி காலத்து ஜப்பானியத் தந்திகள் அந்த எழுத்தில்தான் போயின. ஆனாலும் மோர்ஸில் போகாத ஒன்று இருக்கிறது. ஹனா என்ற ஒரே ஒலியைப் ‘காஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்துகளில் பல விதமாக எழுதுவார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று பெற்றோர் யோசித்து யோசித்து வைத்திருப்பார்கள். மணியில் ஒலி மட்டும்தான் ஏறும். அந்த எழுத்தைப் பெற்றோரிடமே கேட்டு, கூட வைக்கும் அட்டையில் எழுதிக் கொடுப்பது மரியாதை.

சென்னைக்கும் ஜப்பானுக்கும் இந்தப் புள்ளி – கோடு உறவு புதிதல்ல. மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் 1870–71-ல் போடப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங், அங்கிருந்து ஷாங்காய், ஷாங்காயிலிருந்து நாகசாகி என்று அந்த 1871-லேயே கம்பி நீண்டது. நம் கடற்கரையில் தட்டிய செய்தி, கைமாறிக் கைமாறி ஜப்பான் கரையேற வழி பிறந்தது அப்போதுதான். நம் நாட்டில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஆனால் ஹாம் வானொலிக்காரர்கள் இன்னும் மோர்ஸ் தட்டுகிறார்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால், முடிச்சுப் போடுவதற்கு முன் சரத்தைக் காட்டிப் படிக்கச் சொல்வது நல்லது.

அப்படிக் காட்டினால் அவர் முதலில் கேட்பது, “எந்தப் பக்கத்திலிருந்து படிக்கணும்?” என்பதாகத்தான் இருக்கும். ஆங்கில மோர்ஸில் கோத்த ஹனாவைத் திருப்பிக் கட்டினால் ‘என், ஏ, என், ஹெச்’ ஆகிவிடும். தொடக்கத்தில் ஒரே ஒரு சிவப்புப் பாசி கோத்து, “சிவப்பிலிருந்து படிக்கவும்” என்று அட்டையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.