சிஸ்டர் போடும் கையெழுத்து

நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததாக வழக்கு வந்தால், செவிலியரின் நல்ல மனதை நீதிமன்றம் அளப்பதில்லை. கடமை இருந்ததா, அதில் தவறினாரா, தீங்கு அந்தத் தவறால்தான் வந்ததா என்றே பார்க்கிறது. அளவுகோல், அதே பயிற்சி பெற்ற சராசரிச் செவிலியர், கைதேர்ந்தவர் அல்ல. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிய அளவுகோல் இது.

டெல்லி ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு செவிலியர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. 1993 டிசம்பரில் டைபாய்டு காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட குழந்தைக்கு, அங்கிருந்த நர்ஸ் லாரியாகோ என்ற மருந்தை ரத்தக்குழாயில் ஊசியாகப் போட்டார். குழந்தையின் இதயம் நின்றது. உயிர் மீண்டாலும் மூளை பாதித்தது. அந்த நர்ஸ் எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர் என்று விசாரணையில் தெரிந்தது. பணியாளரின் தவறுக்கு அவரை அமர்த்தியவரே பொறுப்பு என்ற விதிப்படி மருத்துவமனை பணம் கட்ட நேர்ந்தது: குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம். 1998-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மருத்துவமனை பணம் கட்டிவிடுவதால் நர்ஸ் தப்பிவிட்டார் என்று ஆகாது. தன் கையால் செய்ததற்கு அவரும் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே டோஸில் சந்தேகம் வந்தால், ஊசியைக் கையில் எடுக்குமுன் டாக்டரிடம் திரும்பக் கேட்டு, கேட்டதைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுவதே வழி. ‘டாக்டர் போனில் சொன்னார்’ என்பதற்கு எழுத்து இல்லையென்றால் சாட்சியும் இல்லை.

செய்யாமல் விட்டதும் கவனக்குறைவுதான். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையைச் சோதிக்கவில்லை, சோதிக்கும்படி பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை, பார்வை போனது. 2015-இல் உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீடு சுமார் 1.8 கோடி ரூபாய்.

அடுத்தது சம்மதம். பெங்களூரு காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கத்து வார்டுகளில் அடுத்தடுத்த கட்டில்களில் தமிழ், கன்னடம், உருது பேசுவோர் படுத்திருப்பார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், “எங்கம்மா கையெழுத்துப் போடணும்?” என்று கேட்கும் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரிந்திருக்கும். சிகிச்சையை விளக்குவது டாக்டரின் வேலை. சாட்சியாகக் கையெழுத்திடும் சிஸ்டருக்கு, பாட்டிக்கு விளங்கவில்லை என்று பட்டால் டாக்டரைத் திரும்ப அழைப்பது வேலை. சம்மதம் நோயாளியுடையது, உறவினருடையது அல்ல. டெல்லியில் கருவி விட்டுச் சோதிக்க மட்டும் ஒப்புக்கொண்ட 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயின் சம்மதத்தோடு கருப்பையை எடுத்துவிட்டார்கள். உயிராபத்து இல்லாத நிலையில் அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உயிர் போகும் அவசரத்தில் மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது.

டெல்லி, எழும்பூர் வழக்குகள் எல்லாம் இழப்பீட்டு வழக்குகள். ஜெயில் வரை போக வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று அதே ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் செவிலியர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் அது இரண்டு ஆண்டு வரை. மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே மருத்துவர் என்று விளக்கமும் இருப்பதால், எழுத்துப்படி இந்தச் சலுகை செவிலியருக்கு இல்லை. ஒரே கட்டிலருகே நின்ற இருவருக்கு இரு வேறு உச்சவரம்பு வைத்தது சரியாகப் படவில்லை.

நோயாளியின் ரகசியம் காப்பதும் கடமை. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதற்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. வார்டில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் போவதும் இந்த வகைத் தவறுதான்.

சட்டம் செவிலியர் பக்கமும் நிற்கிறது. கர்நாடகத்தின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியிலிருக்கும் மருத்துவப் பணியாளரைத் தாக்குவது ஜாமீனில் வர முடியாத குற்றம். செவிலியரும் அதில் அடக்கம். அடிபட்ட சிஸ்டர் டியூட்டியைத் தொடராமல் காயத்தைக் காட்டி எம்.எல்.சி. (மருத்துவ-சட்டப் பதிவு) பதிய வைத்து, அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது வழக்குக்கு வலுவூட்டும்.