1,57,79,17,500: வாக்கியப் பஞ்சாங்கப் பேரெண்ணின் காரணிகள்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் அமைந்த திருக்கழுக்குன்றத்தில், குரு கன்னி ராசியில் புகும்போது சங்கு தீர்த்தப் புஷ்கர மேளா நடைபெறுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதாக வழங்கப்படும் விழா இது. தமிழகக் கோயில்களில் பெருவழக்காக உள்ள வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டுக் கணக்கு ஒரு பேரெண்ணின்மீது நிற்கிறது. யுக எண்கள் பெரும்பாலும் புராண மிகை என்றே ஒதுக்கப்படுகின்றன. காரணிகளைப் பிரித்து நோக்குவார்க்கு அக்கருத்து நிலைபெறாது.

ஆரியபடீயம் (கி.பி. 499) ஒரு யுகத்தில் ஞாயிற்றின் சுற்றுகளை 43,20,000 எனவும், புவியின் தற்சுழற்சிகளை 1,58,22,37,500 எனவும் தருகிறது. பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க யுகத்தின் நாள்கள் 1,57,79,17,500 ஆகும். இதன் பகாக் காரணிகள் 2² × 3 × 5⁴ × 61 × 3449. ஆண்டுகளின் எண்ணோ 2⁸ × 3³ × 5⁴. இரண்டிற்கும் மீப்பெரு பொது வகுத்தி 7,500. அதனால் வகுக்க, 576 ஆண்டுகளுக்குச் சரியாக 2,10,389 நாள்கள் என்னும் சிறு விகிதம் எஞ்சுகிறது. 576இன் காரணிகள் 2, 3 மட்டுமே. அது 60³ஐ மீதியின்றி வகுக்கும். ஆகவே ஆண்டின் அளவு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை என மூன்றாம் கூறிலேயே முற்றுப்பெறுகிறது.

பஞ்சாங்கக் கணிதர்க்கு இதன் பயன் பெரிது. கழிந்த கலியாண்டுகளை 2,10,389ஆல் பெருக்கி, 1,237ஐக் கழித்து, 576ஆல் வகுத்தால் மேட சங்கராந்தி கிடைக்கும். சராசரி ஞாயிற்றுக்கு முன்னதாகவே மெய்ஞ்ஞாயிறு மேடத்தில் புகுவதற்கான திருத்தமே அந்த 1,237. கி.பி. 2024 ஏப்ரலில் கழிந்த கலியாண்டுகள் 5,125. ஈவு 18,71,948, மீதி 340. கலியின் முதல் நாள் வெள்ளி. ஈவை 7ஆல் வகுக்க 1 எஞ்சுவதால் சங்கராந்தி நாள் சனி, அதாவது ஏப்ரல் 13. மீதி 340/576 நாள் என்பது 14 மணி 10 நிமிடம். சூரிய உதயத்தை காலை 6 மணி எனக் கொண்டால் இரவு 8.10 ஆகிறது. அந்திக்குப் பின் நிகழ்ந்தமையால் சித்திரை முதல் நாள் மறுநாளாகிய ஏப்ரல் 14 ஆயிற்று.

சூரிய சித்தாந்தத்தின் யுக நாள்கள் 1,57,79,17,828. வேறுபாடு 328 நாள்களே, ஆண்டுக்கு 6.56 வினாடி. ஆனால் பொது வகுத்தி வெறும் 4 ஆகிவிடுகிறது. பின்னம் முழுமையடைய 10,80,000 ஆண்டுகள் வேண்டும். வானியல் நோக்கில் அற்பமான இவ்வேறுபாடு மனக்கணக்கில் மலையாகிறது. தமிழ்க் கணிதர் ஒருவர் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணித்ததை ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட கால சங்கலித நூலில் பதிவுசெய்துள்ளார். அத்தகையோர்க்கு 576 என்னும் வகுஎண் எவ்வளவு உகந்தது என்பது வெளிப்படை.

திருக்கழுக்குன்ற விழாவுக்கும் இம்முறை பொருந்தும். யுகத்தில் குருவின் சுற்றுகள் 3,64,224 என்கிறது ஆரியபடீயம். பொது வகுத்தி 192ஆல் சுருக்க, 22,500 ஆண்டுகளுக்கு 1,897 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11.86 ஆண்டு. சராசரி இயக்கத்தின்படி இவற்றுள் 1,633 இடைவெளிகள் பன்னிரண்டு ஆண்டுகளாகவும், 264 இடைவெளிகள் பதினோரு ஆண்டுகளாகவும் அமையும். ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்கு ஒருமுறை குரு ஓராண்டு முந்தியே கன்னியை அடைந்துவிடும்.