இடுப்பு வலியா, சிறுநீரக வலியா?

கணக்குப் புத்தகம் சரிபார்க்க வரும் நாம் வைத்தியம் பேசுவது அங்கத்தினர் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், கடனும் முன்பணமும் கோரி வரும் மனுக்களில் ‘இடுப்பு வலி, வைத்தியச் செலவு’ என்னும் காரணம் அடிக்கடி நம் கண்ணில் படுகின்றது. குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து நெய்பவருக்கும், குனிந்து நாற்று நடுபவருக்கும் இடுப்பு வலிப்பது இயல்பே. அதனாலேயே சிறுநீரகத்தில் எழும் வலியையும் தறி வலியென எண்ணித் தைலம் தடவிக் காலம் கடத்துகின்றனர்.

இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாலும் கடினமன்று. தசைப் பிடிப்பு குனிந்தால், நிமிர்ந்தால் மிகும், படுத்தால் தணியும். சிறுநீரக வலியோ முதுகெலும்புக்கு ஒரு பக்கமாக, கடைசி விலா எலும்பை ஒட்டி எழும். எப்படிப் படுத்தாலும் குறையாது. கல் அடைத்திருப்பின் அலை அலையாக வந்து அடிவயிற்றுக்கும் தொடையிடுக்கிற்கும் இறங்கும். நோயாளி ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் புரளுவார். குமட்டலும் வாந்தியும் உண்டாகும். சிறுநீர் சிவந்து போகலாம்.

இவற்றுடன் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் கிருமி தாக்கியிருக்கக் கூடும். அடைப்பும் கிருமியும் ஒருங்கே நேர்ந்தால் உயிருக்கே அபாயம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாவு முடியட்டும் என்று காத்திருத்தல் தகாது. சிறுநீர் அறவே நின்றாலும், கர்ப்பிணிக்கு இவ்வலி கண்டாலும் அவ்வாறே.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும். மீண்டும் கல் சேராதிருக்க, நாளொன்றுக்கு 2½ லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும் என்பர் மருத்துவர். வெயிலில் உழைப்போர் வியர்வையில் இழப்பதையும் ஈடு செய்தாக வேண்டும். சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறமாயிருப்பதே நல்ல அளவுகோல். தறியை விட்டு எழவேண்டுமே என்று நீரைக் குறைத்துக்கொள்ளும் வழக்கத்தை, சிறப்பாகப் பெண்களிடம், நாம் பலவிடத்தும் கண்டுள்ளோம். உப்பைக் குறைப்பதும் எலுமிச்சைச் சாறு பருகுவதும் நலம். கல் வருமென்று அஞ்சிப் பாலையும் மோரையும் நிறுத்த வேண்டியதில்லை. வாழைத்தண்டை உணவாகக் கொள்ளலாம். மருத்துவருக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. இதயமோ சிறுநீரகமோ முன்பே பழுதுற்றோர் மட்டும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

நம்மை அதிகம் கவலையுறச் செய்வது கடை மாத்திரையே. டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவற்றை மருத்துவர் சொல்லாமலே நாள்தோறும் விழுங்கினால், அவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடலில் நீர் வற்றியுள்ள வேளையில் கேடு இன்னும் மிகுதி. இவ்வாறு நாளடைவில் சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலிப்பதே இல்லை. கால் வீங்கிய பின்னரே பலர் அறிகின்றனர். ஆகவே நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், நெடுநாள் வலி மாத்திரை உண்டவர்களும், வலி இல்லாவிடினும் ஆண்டுக்கொரு முறை இரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் சோதித்துக் கொள்வது அவசியம். செல்லும்போது, உண்டுவரும் மாத்திரைகளின் அட்டையையும் உடன் எடுத்துச் செல்க.