வாயில் ஆயிரம், காவலன் ஒருவன்

"அரட்டை அடிக்காதே!" என்று நம்மைக் கடிந்துகொள்ளாத ஆசிரியர் உண்டோ? அச்சொல்லையே பெயராகச் சூட்டி, தமிழகத்தின் ஸோஹோ நிறுவனம் 2021இல் ஓர் உரையாடல் செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில் அதற்கு ஒரு சோதனை வந்தது. நாளொன்றுக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்துவந்த நிலை மாறி, மூன்றே நாட்களில் அது 3,50,000 ஆயிற்று என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். கூட்டம் பெருகினால் கணிப்பொறிகளைப் பெருக்க வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் ஒரு கணிப்பொறி எத்தனை பேரைத் தாங்கும்? அது இயந்திரத்தின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. இயந்திரத்தை நாம் வேலை வாங்கும் முறையையும் பொறுத்தது.

உரையாடல் சர்வர் என்பது யாது? ஒருவர் எழுதியதை வாங்கி மற்றவர்க்குக் கொடுப்பது, அவ்வளவே. அதனோடு இணைந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சாக்கெட் உண்டு. செய்தி வரவும் போகவும் அமைந்த வாயில் என்று அதனைக் கொள்ளலாம். பத்தாயிரம் பேர் இணைந்தால் பத்தாயிரம் வாயில்கள். ஆனால் ஒரு நொடியில் பேசுவோர் சிலரே, ஏனையோர் வாளாவிருப்பர். பேசுகின்றவர் யார் என்று எவ்வாறு அறிவது? ஒரு வாயிலிலேயே காத்து நின்றால், மற்ற வாயில்களுக்கு வந்தவை தேங்கிவிடும். வாயிலுக்கு ஒரு காவலன் வீதம் 'த்ரெட்'டுகளை நிறுத்தினாலோ, அவர்களுக்குப் படியளந்தே நினைவகம் தீர்ந்துபோகும்.

நம் நகரின் ஸ்ரீவராகத்தையே உவமையாகக் கொள்வோம். குளத்தைச் சூழ்ந்த தெருக்களில் வீடுதோறும் கடிதம் வாங்கிவர ஓர் ஏவலாள் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம்தான் நிரல், அவன்தான் இயங்குதளம்.

1983இல் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் வந்த 'செலக்ட்' என்பது முதல் வழி. வீட்டு எண்களின் பட்டியலை அவன் கையில் கொடுத்தனுப்புகிறோம். அவன் வீடு வீடாகப் பார்த்து, கடிதம் உள்ள வீடுகளைக் குறித்து வருகிறான். மூன்று வீடுகளில்தான் கடிதம் என்றாலும் எல்லா வீட்டுப் படியும் ஏறியாக வேண்டும். அடுத்த முறைக்குப் பட்டியலைப் புதிதாக எழுதித் தரவும் வேண்டும். பட்டியலோ சிறியது. லினக்ஸில் 1024க்கு உட்பட்ட எண்களே அதில் அடங்கும். விண்டோஸில் நாமாக மாற்றாவிடில் 64 சாக்கெட்டுகளுக்கே இடம். பின்னர் வந்த 'போல்' என்னும் ஆணை பட்டியலின் எல்லையை நீக்கியது. ஏவலாளின் நடையைக் குறைக்கவில்லை.

1999இல் டான் கெகல் என்பார் ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரு சர்வர் ஏன் பத்தாயிரம் பேரைத் தாங்கக் கூடாது? இயந்திரத்துக்கு வலிமை உண்டு. வழியைத் திருத்துவோம் என்றார்.

வழி திருந்தியது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி 4.1இல் 'கேக்யூ' வந்தது. ஆப்பிளின் மேக் இன்றும் அதனையே கையாள்கிறது. 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 'ஈபோல்' என்பதைத் தந்தது. இவற்றில் வீடுகளை ஒருமுறை பதிந்தால் போதும். கடிதம் உள்ள வீட்டின் எண் சீட்டாகத் தெருமுனைப் பெட்டியில் விழும். ஏவலாள் அச்சீட்டுகளை மட்டும் எடுத்து வருவான். எத்தனை வீடு என்பது போய், எத்தனை கடிதம் என்பதே உழைப்பின் அளவாயிற்று. 2012 ஜனவரியில் வாட்ஸ்அப், ஃப்ரீபிஎஸ்டி இயங்கும் ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கியதாக அறிவித்தது.

விண்டோஸின் இயல்பு வேறு. 1994இல் என்.டி. 3.5உடன் வந்த 'கம்ப்ளீஷன் போர்ட்' என்னும் முறையில், வீடுதோறும் காலிப் பையை முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். கடிதம் பையில் சேர்ந்த பின்னரே நமக்குச் செய்தி வரும். "கடிதம் காத்திருக்கிறது, வந்து எடு" என்பது யூனிக்ஸ் மரபு. "எடுத்து வைத்தாயிற்று, பெற்றுக்கொள்" என்பது விண்டோஸ் மரபு. ஆகவே ஆணையின் பெயரை மாற்றினால் மட்டும் நிரல் ஊர் மாறிவிடாது. அதன் போக்கே மாற வேண்டும். இவ்விரு மரபுக்கும் பாலமாக 2011இல் நோட் மென்பொருளுக்கென 'லிப்யூவி' எழுதப்பட்டது. 2019இல் லினக்ஸும் 'ஐ.ஓ. யூரிங்' வழியாக இரண்டாம் மரபைத் தழுவியது.

ஓர் எச்சரிக்கை. ஈபோலின் மணி இருவகையாய் ஒலிக்கும். கடிதம் உள்ளவரை ஒலிப்பது ஒன்று. வந்தபோது மட்டும் ஒலிப்பது மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தால், வாயில் வெறுமையாகும்வரை அள்ளிவிட வேண்டும். இல்லையேல் மிச்சக் கடிதம் மணியோசையின்றி அங்கேயே கிடக்கும். பத்துப் பேருடன் சோதிக்கையில் இக்குறை தெரியாது போகலாம். கூட்டம் வந்த நாளில் சிலருடைய பேச்சு பாதியில் நிற்கும்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 2001இல் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இத்திருவனந்தபுரத்தில்தான். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் பயில்கின்றனர். நம்மில் பலர் விண்டோஸுடன் இங்கு வருகிறோம். நம் மாணவர் சங்கத்துக்கென ஓர் உரையாடல் சர்வர் அமைக்க விழைந்தால், பழைய கணிப்பொறி ஒன்றே தாராளம். அது லினக்ஸாயின், இருநூறு பேர்க்குச் 'செலக்ட்' கூடப் போதும். ஆனால் அறியாமையால் ஒன்றைப் பற்றுவது வேறு. யாவற்றையும் அறிந்து ஒன்றைத் தேர்வது வேறு. நண்பர்களே! ஈபோலின் நிரல் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. விடுமுறையில் ஒரு சிறு சர்வரை எழுதிப் பாருங்கள். அரட்டை அடிப்பதில் நாம் எவர்க்கும் இளைத்தவரல்லர். அதனைத் தாங்கும் பொறியை ஆக்குவதிலும் இளைக்காதிருப்போம்.